நாட்டு மரம் நட்டா மட்டும் போதுமா?

1/ ஜப்பான்ல பிப்ரவரி வந்தா தும்மல் சீசன். மூக்கு ஒழுகும், கண் அரிக்கும். 2019ல காது மூக்கு தொண்டை டாக்டர்கள், அவங்க குடும்பத்தார்கிட்ட நாடு முழுக்க எடுத்த சர்வேல 38.8% பேருக்கு இந்த அலர்ஜி. காரணம், சுகிங்கிற மரத்தோட மகரந்தம். வெளிநாட்டு மரம்னு நினைக்காதீங்க. ஜப்பானோட சொந்த மரம்தான்!

2/ இரண்டாம் உலகப் போர் முடிஞ்சப்ப மலையெல்லாம் மொட்டை. வீடு கட்ட மரம் வேணும். நேரா, வேகமா வளரும்னு சுகியை மலை மலையா நட்டாங்க. இன்னைக்கு அது சுமார் 44 லட்சம் ஹெக்டேர். மரங்களுக்கு 30 வயசு நெருங்க நெருங்க மகரந்தம் கொட்ட ஆரம்பிச்சது.

3/ அந்தக் காலத்துலதான், 1958ல, அகிரா மியாவாகி ஜெர்மனி போறார். அவரோட குரு ரைன்ஹோல்ட் ட்யூக்சன் 1956ல ஒரு கேள்வி வெச்சிருந்தார்: மனுஷன் இன்னைக்கே கையை எடுத்துட்டா, இந்த மண்ணும் மழையும் தானா எதை வளர்க்கும்? இடம் இடமா அதுக்குப் பதில் எழுதினா, அதுதான் இயற்கைத் தாவர வரைபடம்.

4/ ஊர் திரும்பின மியாவாகிக்குத் துப்பு கொடுத்தது கோயில்காடுகள். சாமிக்குப் பயந்து யாரும் கோடாலி வைக்காத இடம். தாழ்வான, வெப்பமான பகுதிகள்ல அசல் காடு சுகி இல்ல. ஷீ, தபு, காஷி மாதிரி எப்பவும் பச்சையா இருக்கிற அகல இலை மரங்கள். நாடு முழுக்க ஆய்வு செஞ்சு, 1980–89ல 10 தொகுதிகளா வெளியிட்டார்.

5/ நம்ம ஊருக்கு 'மியாவாகி காடு' வந்தப்ப, நெருக்கமா நடுறதை மட்டும் பல இடங்கள்ல எடுத்துக்கிட்டாங்க. வரைபடத்தை விட்டுட்டாங்க. நோய் என்னன்னு பார்க்காம, பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையைப் போட்டுக்கிற கதை.

6/ நமக்கும் வரைபடம் இருக்குங்க. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1961லயே கன்னியாகுமரிப் பகுதிக்குத் தாவர வரைபடம் போட்டுச்சு. கோயில்காடும் இருக்கு. சோழமண்டலக் கரைன்னா வீரை, காசா, உலக்கைப்பாலை. நீலகிரி உச்சிப் புல்வெளின்னா மரமே வேண்டாம். அங்க நட்ட வாட்டில் இன்னைக்கும் புல்வெளியை விழுங்கிட்டிருக்கு.

7/ 2023ல ஜப்பான் அரசு, சுகித் தோப்புகளை 10 வருஷத்துல 20% குறைக்கத் திட்டம் போட்டுச்சு. தப்பான மாத்திரையை நாளைக்கே நிறுத்திடலாம். தப்பான மரம் தெரிய வர்றதுக்கே ஒரு தலைமுறை ஆகும். அதனால, கன்னு வாங்கறதுக்கு முன்னாடி உங்க ஊர்ப் பக்கத்துக் கோயில்காட்டை ஒரு தடவை சுத்திப் பாருங்க.