உப்புச் சாடியில் ஒரு வரலாறு

மாங்காய்த் துண்டுகளை உப்பும் மிளகாய்த் தூளும் கலந்து தொட்டுத் தின்கிறோம். நம் நாட்டுப் பழக்கடைகளில் கொய்யாவுக்கு அசாம் போய்த் தூளைத் தூவித் தருகின்றனர். அதிலும் உப்பு உண்டு. உப்போடு பிற சுவைப் பொருள்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் இவ்வழக்கம் மிகத் தொன்மையானது. உரோமரின் சமையல் நூலொன்று அதற்குச் சான்று பகர்கிறது.

அபிகியஸ் என்பவரின் பெயரால் வழங்கும் அந்த இலத்தீன் நூல், 4 அல்லது 5ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டதென அறிஞர் கருதுவர். அது கூறும் மசாலை உப்புக்கு வறுத்த உப்பு 3 இராத்தல், கருமிளகு 3 அவுன்ஸ், வெண்மிளகு 3 அவுன்ஸ், இஞ்சி 2 அவுன்ஸ் தேவை. குங்குமப்பூ, சதகுப்பை முதலியனவும் சேரும். உப்பை ஏன் வறுக்கவேண்டும்? உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. வறுத்தால் ஈரம் நீங்கும், தூள் கட்டிபடாது. நம் வீட்டு உப்புச் சாடியில் அரிசி மணிகளைப் போட்டு வைப்பதும் இதற்காகவே.

இவ்வுப்பு செரிமானத்திற்கு உதவும், நோய்களைத் தடுக்கும் என்று உரோமர் நம்பினர். இன்றோ, நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ணவேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

அந்த மிளகு எங்கிருந்து சென்றது? சேர நாட்டு மலைகளில் விளைந்த மிளகே உரோமர் நாட்டில் பெரிதும் விரும்பப்பட்டது. தென்மேற்குப் பருவக்காற்றின் துணையால் செங்கடலிலிருந்து வந்த கப்பல்கள் முசிறித் துறையில் அதனை ஏற்றிச் சென்றன. யவனர் பொன் கொடுத்து மிளகு பெற்ற செய்தி அகநானூற்றில் உண்டு. எகிப்து நாட்டின் பெரனிகே துறைமுகத்தில், பழங்கோயில் ஒன்றில் இருந்த இந்தியச் சாடிக்குள் ஏறத்தாழ 7.5 கிலோ கருமிளகை அகழ்வாய்வாளர் கண்டெடுத்தனர்.

முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்ற உரோம அறிஞர், கருமிளகு ஓர் இராத்தல் 4 தினாரியஸ் என்று எழுதினார். அது வெள்ளிக் காசு. அக்காலப் படைவீரனின் ஆண்டுச் சம்பளமே 225 தினாரியஸ்தான். அவ்வாறாயின், ஓர் இராத்தல் மிளகு அவனுக்கு ஏறத்தாழ ஒரு வாரச் சம்பளம்! ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயங்கள் இந்தியாவுக்குப் போய்விடுகின்றன என்றும் பிளினி குறைபட்டுக்கொண்டார்.

உப்புக்கும் இத்தகைய பயணம் உண்டு. சங்க காலத்து உமணர் கடற்கரை உப்பை வண்டிகளில் ஏற்றி, உள்நாட்டுக்குச் சென்று நெல்லுக்கு மாற்றினர். விளையும் இடத்தில் எளிய பொருள். தொலைவு செல்லச் செல்ல அருமையான பொருள். அந்தத் தொலைவைக் கடக்க வைத்தது மனித உழைப்பே.

சேர மன்னர் பெயர்களைப் பாடல்களும் கல்வெட்டுகளும் காத்துத் தந்துள்ளன. மலையில் மிளகு பறித்தவர், வெயிலில் உப்பு வாரியவர், மூட்டை சுமந்தவர் ஆகியோரின் பெயர்களை நாம் அறியோம். ஆயினும் நேயர்களே, உரோமர் சமையலறை வரை சென்று சேர்ந்தது அவர்களுடைய உழைப்பு. மன்னர் வரலாற்றைக் கற்கும் நாம், இவ்வெளியோரின் வரலாற்றையும் தேடிக் கற்போமாக!