கனமழை எச்சரிக்கை: டயாலிசிஸ் நோயாளிகள் அறிய வேண்டியவை

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மஞ்சள் எச்சரிக்கை, நிலைமையைக் கவனிக்க வேண்டும் என்பதாகும். ஆரஞ்சு ஆயத்தமாவதற்கும் சிவப்பு உடனே செயல்படுவதற்கும் உரியவை. 24 மணி நேரத்தில் 204.4 மி.மீட்டருக்கு மேல் பெய்வது அதிகனமழை.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் சிவப்பு எச்சரிக்கைக்காகக் காத்திருத்தல் கூடாது. சாலை மூழ்கிய பின் ஆம்புலன்சும் வந்துசேர இயலாது. ஆரஞ்சு எச்சரிக்கை வந்தவுடனேயே சிகிச்சை மையத்தைத் தொடர்புகொண்டு, டயாலிசிஸை முன்கூட்டியே செய்ய இயலுமா எனக் கேட்கவும்.

சிகிச்சை தள்ளிப்போனால் நீரையும் உப்பையும் மேலும் குறைக்கவும். வாழைப்பழம், இளநீர் ஆகியவற்றில் பொட்டாசியம் மிகுதி. நிவாரண முகாமில் அன்புடன் வழங்கப்பட்டாலும் தவிர்க்கவும். மூச்சுத்திணறல், கடும் தசைச்சோர்வு, சீரற்ற இதயத்துடிப்பு ஆகியவை அபாய அறிகுறிகள். தமிழ்நாட்டில் உடனே 108 எண்ணையும், வெள்ளம் சூழ்ந்திருப்பின் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணையும் அழைக்கவும்.