செருப்புத் தைப்பவர் போட்ட முதல் பிரேக் லைனிங்

அக்கவுண்ட்ஸ் பாடத்தில் 'தேய்மானம்' என்று ஒன்று வரும். இயந்திரம் பழசாக ஆக, கணக்குப் புத்தகத்தில் அதன் மதிப்பைக் குறைத்துக்கொண்டே போவோம். ஆனால் நிஜமாகவே தேய்வதற்கென்று செய்து விற்கிற பொருள் ஒன்று காரில் இருக்கிறது நண்பர்களே. அதுதான் பிரேக் லைனிங். அதன் கதை பாதி சுவாரஸ்யம், பாதி சோகம்.

1888 ஆகஸ்ட், ஜெர்மனி. கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களோடு அவர் செய்த காரை எடுத்துக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். 100 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். இறக்கங்களில் பிரேக் கட்டைகள் தேய்ந்துபோயின. வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் சொல்லி, கட்டைகளின் மேல் தோலை அடிக்க வைத்தார். உலகின் முதல் பிரேக் லைனிங் இதுதான் என்கிறார்கள். காரில் நடந்த முதல் பிரேக் ரிப்பேரும் இதுவாகத்தான் இருக்கும் :)

இதைத் தொழிலாக மாற்றியவர் இங்கிலாந்தின் ஹெர்பர்ட் ஃப்ரூட். 1897ல் ஆரம்பித்தார். தன் பெயரின் எழுத்துகளை மாற்றிப்போட்டு, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து 'ஃபெரோடோ' என்று கம்பெனிக்குப் பெயர் வைத்தார். பருத்தி லைனிங் சூட்டில் கருகியது. 1908 வாக்கில் கல்நாருக்கு, அதாவது ஆஸ்பெஸ்டாஸுக்கு மாறினார். தீப்பிடிக்காது, சூடு தாங்கும், விலையும் குறைவு. உலகமே பின்தொடர்ந்தது.

சோகம் இங்கேதான் தொடங்குகிறது. லைனிங் தேய்ந்தால் தூசி டிரம்முக்குள் தங்கும். மெக்கானிக் டிரம்மைக் கழற்றி, ஏர் அடித்து அந்தத் தூசியை ஊதுவார். புது லைனிங்கை உப்புத்தாளால் தேய்ப்பார். அந்த இழைகள் நுரையீரலில் தங்கிவிட்டால், பல பத்தாண்டுகள் கழித்துக்கூடப் புற்றுநோய் வரலாம். பிரிட்டன் 1999ல் வெள்ளைக் கல்நாரைத் தடை செய்தது. அமெரிக்கா அதற்கான விதியைக் கொண்டுவந்தது 2024 மார்ச்சில்தான்! காரில் போனவரைக் காப்பாற்றிய பொருள், காருக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவரைக் கொன்றது. இந்தச் செலவு எந்தக் கம்பெனியின் லாப நட்டக் கணக்கில் எழுதப்பட்டது?

இதற்கிடையே மற்ற பாகங்களும் மாறின. ஆரம்பத்தில் கம்பியும் கேபிளும்தான். நான்கு சக்கரமும் சமமாகப் பிடிக்க அடிக்கடி சரிசெய்ய வேண்டும். 1921ல் டியூசன்பர்க் கார் நான்கு சக்கரத்திலும் ஹைட்ராலிக் பிரேக்கோடு வந்தது. பள்ளியில் படித்த பாஸ்கல் விதிதான். ஒரே குழாய் வழி என்பதால், ஓரிடத்தில் கசிந்தாலும் மொத்தமும் போச்சு. அதனால் 1968 முதல் அமெரிக்கா இரட்டை வழியைக் கட்டாயமாக்கியது. 1953 லே மான்ஸ் பந்தயத்தில் ஜாகுவார் ஜெயித்ததும் டிஸ்க் பிரேக்கின் மதிப்பு கூடியது. 1978ல் பென்ஸ் காரில் ஏபிஎஸ் வந்தது.

இந்த வரலாற்றிலிருந்து நமக்கு மூன்று பாடம்:

1. பிரேக் ஆயில் என்கிறோமே, அது பொதுவாக எண்ணெய் இல்லை. கிளைக்கால் சார்ந்த திரவம். என்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

2. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி தாங்கும். ஈரம் ஏறினால் 140க்கே கொதிக்கலாம். கொதித்தால் மலை இறக்கத்தில் பெடல் அப்படியே உள்ளே போய்விடும். கார் புத்தகத்தில் சொன்ன காலக்கெடுவில் மாற்றுங்கள்.

3. பிரேக் தூசியை ஊதவே வேண்டாம். ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பழைய லைனிங்கில் என்ன இருக்கிறதென்று பார்த்துச் சொல்ல முடியாது.

தேய்மானம் பொருளுக்கு மட்டும் இருக்கட்டும், மனிதனுக்கு வேண்டாம். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்!