தோட்டத்திலிருந்து தாமானுக்கு: நம்ம கோயில் மரங்களின் கதை



ஆடி மாசம் நெருங்கினாலே எங்கள் தொண்டர் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விதான்: "வேப்பிலை எங்க கிடைக்கும்?" கரகத்துக்கு வேணும், தோரணத்துக்கு வேணும், அம்மனுக்குக் கூழ் ஊத்துற அன்னிக்குப் பந்தல் முழுக்க வேணும். கடைசியில் யாராவது ஒருத்தர் வீட்டு வாசலில் நிற்கும் மரத்தைத் தேடிப் போய், கேட்டு ஒடித்து வருகிறோம்.

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கோயில் இருந்த இடத்தில் மரமும் இருந்தது. சொல்லப்போனால் பல இடங்களில் மரம்தான் முதலில், கோயில் அப்புறம்தான். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் இந்தப் பதிவு. நீளமாக இருக்கும், பொறுமையாகப் படிங்க.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் தோட்டம் என்றால் கத்தரியும் வெண்டையும் மல்லிகையும் வளரும் இடம். மலேசியாவில் நம்ம ஆளுங்ககிட்ட "நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்டால், எந்த ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தீர்கள் என்று அர்த்தம். நம் வரலாறு பாதி அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அந்த ரப்பர்த் தோட்டத்துக்கு மூலமும் ஒரு தோட்டம்தான். ரப்பர், அமேசான் காட்டு மரம். 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டு போனார். அடுத்த வருஷமே, 1877-இல், 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888-இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கொண்டு வந்தார். மோட்டார் கார்கள் பெருகின, டயருக்கு ரப்பர் தேவைப்பட்டது, மலாயாவின் காடுகள் அழிந்து பால்மரங்கள் வரிசை வரிசையாக எழுந்தன. அந்த வேலைக்குத்தான் நம் முன்னோர்கள் கப்பல் ஏறினார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் முடிந்தது. கங்காணி முறையில் ஆள் வருவது 1938-இல் இந்திய அரசு தடை போடும் வரை நடந்தது.

விடியுமுன் பெரட்டுக்கு நின்று, இருட்டோடு இருட்டாகப் போய் மரம் சீவினார்கள். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் திரும்ப வளரும், அப்புறம் அங்கே சீவ முடியாது. மரத்தின் உடம்பை விரலால் அறிந்தவர்கள் அவர்கள். ஆனால் மரம் அவர்களுடையது இல்லை. மண்ணும் இல்லை. லயத்து வீடுகூட வேலை இருக்கும் வரைக்கும்தான்.

அப்படிப்பட்டவங்க என்ன செஞ்சாங்க? லயத்துக்குப் பின்னால் முருங்கையும் கருவேப்பிலையும் வாழையும் வைத்தார்கள். ஒரு மரத்தடியில் கல்லை நட்டு, மஞ்சள் பூசி, மாரியம்மன் என்று கும்பிட்டார்கள். இன்னொரு மரத்தடியில் சூலத்தை நட்டு முனீஸ்வரர் என்றார்கள். பிறகு அத்தாப்புக் கூரை வந்தது, தகரக் கூரை வந்தது, சிமெண்டுச் சுவர் வந்தது. கையில் காசு சேர்ந்தபோது கோபுரம் வந்தது. பத்திரத்தில் பெயர் இல்லாத மண்ணை அவர்கள் உறவாக்கிக்கொண்ட வழி இதுதான்: நட்டார்கள், தண்ணீர் ஊற்றினார்கள், கும்பிட்டார்கள்.

இது இங்கே வந்து புதுசாகக் கற்றுக்கொண்ட பழக்கம் இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'திருநந்தவனப்புறம்' என்று ஒரு சொல் வரும். கோயில் நந்தவனத்தின் செலவுக்காக எழுதி வைத்த நிலம் அது. விளக்குக்கும் நைவேத்தியத்துக்கும் எழுதி வைத்த மாதிரியே பூச்செடிக்கும் எழுதி வைத்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் நந்தவனம் வைத்தார். அங்கே துளசிச் செடியடியில்தான் ஆண்டாள் கிடைத்தாள். திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாரும் துளசியும் பூவும் வளர்த்து மாலை கட்டியவர்தான்.

சைவத்தில் திருப்புகலூரைப் பாருங்க. அந்த ஊர்க்காரர் முருக நாயனார். விடியுமுன் எழுந்து குளித்து, கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என்று நால்வகைப் பூவும் பறித்து மாலை கட்டுவது ஒன்றே அவர் செய்த தொண்டு. அதற்கே நாயன்மார் வரிசையில் இடம். அதே ஊரில்தான் அப்பர் பெருமான் கையில் உழவாரத்தோடு புல் செதுக்கிக்கொண்டிருந்தபோது, மண்ணிலிருந்து பொன்னும் மணியும் வந்ததாகப் பெரிய புராணம் சொல்கிறது. அவர் அதையும் கல்லோடு கல்லாக வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் செய்யும் உழவாரப் பணிக்கு அந்தக் கருவிதான் பெயர் கொடுத்தது.

பூ பறிப்பதற்கும் ஒரு முறை வைத்தார்கள். பொழுது சாய்ந்த பிறகு துளசியைத் தொடக்கூடாது. பறிக்கும்போது முகர்ந்து பார்க்கக்கூடாது. மொட்டையடித்த மாதிரி ஒரே செடியில் எல்லாவற்றையும் பறிக்கக்கூடாது. மரத்தை வெட்டுவதற்கும் அனுமதி கேட்க வேண்டும். 6-ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில், தெய்வத் திருமேனி செய்ய மரம் வெட்டப் போகிறவர் முதலில் அந்த மரத்துக்குப் பூசை செய்து, அதில் குடியிருக்கும் உயிர்களை வேறு இடம் போகச் சொல்லி வேண்ட வேண்டும் என்று இருக்கிறது. நம் அண்டை வீட்டுச் சீனர்களும் மரத்தடியில் 'டத்தோ கோங்' என்று, சொங்கோக் அணிந்த மலாய்ப் பெரியவர் உருவத்தில், இந்த மண்ணின் காவலரைக் கும்பிடுகிறார்கள். மண்ணுக்கு ஒரு சொந்தக்காரர் ஏற்கெனவே இருக்கிறார், அவரிடம் கேட்டுக்கொண்டுதான் குடியேற வேண்டும் என்ற எண்ணம் எல்லாருக்கும் பொதுவாக இருக்கு.

இன்னொரு சங்கதி. நம் தலவிருட்சங்களில் பல இந்த மண்ணுக்கும் சொந்த மரங்கள். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் புன்னை, மலாய் மொழியில் 'பெனாகா'. 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கிய முனைக்கு 'தஞ்சோங் பெனாகா' என்றே பெயர், அதாவது புன்னை முனை. மதுரை மீனாட்சியின் கடம்பு, முருகனுக்கும் உகந்த கடம்பு, இங்கே 'கெலெம்பாயான்' என்று காட்டில் தானாக வளர்கிறது. சிதம்பரத்துத் தில்லை மரம் சிங்கப்பூர் சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகும் என்பதால் மலாய்க்காரர்கள் 'பூத்தா பூத்தா' என்கிறார்கள், பூத்தா என்றால் குருடு. திருவொற்றியூர் மகிழமரம்தான் நம் சாலையோரங்களில் வரிசையாக நிற்கும் 'பூங்கா தஞ்சோங்'. கடல் தாண்டி வந்தவர்களுக்கு முன்னாலேயே சாமி மரங்கள் இங்கே காத்திருந்தன என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

தூரத்திலிருந்து வந்து சொந்தமான மரமும் உண்டு. சிவன் கோயில்களில் இன்று பக்தியோடு பார்க்கும் நாகலிங்க மரம், ரப்பர் மாதிரியே தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. பூவுக்குள் லிங்கத்தையும் மேலே படமெடுத்த நாகத்தையும் கண்டவர்கள் அதைத் தள்ளி வைக்கவில்லை. பிறந்த ஊர் எது என்று யாரும் கேட்கவும் இல்லை.

இனி மனசு கனக்கிற பகுதி. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டன. தொழிலாளர்களே சேர்ந்து தோட்டங்களை வாங்கட்டும் என்று துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது பல குடும்பங்களைக் காப்பாற்றியது. ஆனால் எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. அந்த வீடமைப்புக்குப் பெயர் 'தாமான்'. மலாயில் தாமான் என்றாலும் தோட்டம்தான்! தோட்டத்திலிருந்து தோட்டத்துக்கு வந்தோம், நடுவில் மண் மட்டும் காணாமல் போச்சு.

நிலம் கைமாறியபோது, பட்டா இல்லாத கோயில் ஒரே நாளில் 'அனுமதியில்லாத கட்டடம்' ஆனது. அம்மனை எடுத்துப் போக ஆகமத்தில் வழி இருக்கிறது. கலசத்தில் ஆவாகனம் செய்து, பாலாலயம் வைத்து, புது இடத்தில் பிரதிஷ்டை செய்யலாம். அறுபது வருஷம் அம்மனுக்கு நிழல் கொடுத்த மரத்தை எந்தக் கலசத்தில் கொண்டு போவது? அது அங்கேயே நிற்கும், ஜேசிபி வரும் வரைக்கும்.

புது இடத்தில் கிடைப்பது சின்ன நிலம். கார் நிறுத்த இடம் வேணும், மண்டபம் வேணும், சேறு படக்கூடாது. அதனால் சுவரிலிருந்து சுவர் வரை டைல்ஸ். மல்லிகை இந்தியாவிலிருந்து விமானத்தில் வருகிறது, செவ்வந்தி கேமரன் மலையிலிருந்து லாரியில் வருகிறது. பூக்கடைக்காரர்களை நாங்கள் குறை சொல்லவில்லை, அவர்கள் இல்லாவிட்டால் விசேஷ நாளில் நாங்கள் தவித்துப் போவோம். ஆனால் பூ விலைப்பட்டியலில் மட்டும் இருக்கும் கோயிலில், செடியோடு பேசுகிற பழக்கம் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வரும்?

அதனால் எங்கள் வேண்டுகோள் சில.

1. திருப்பணிக்கு வரைபடம் போடும்போதே பத்தடிக்குப் பத்தடியாவது மண் தரையை நந்தவனம் என்று குறித்துவிடுங்கள். பிறகு ஒதுக்கலாம் என்று விட்டால் இடம் கிடைக்காது.

2. அரசு, ஆல் இரண்டின் வேரும் சுவரைப் பிளக்கும். சின்ன இடத்துக்கு மகிழம், வில்வம், செம்பருத்தி, நந்தியாவட்டை நல்லது.

3. தொட்டியில் துளசி வைத்தால் அரைநாள் வெயிலும் தண்ணீர் வடியும் ஓட்டையும் வேணும். கீழே தட்டு வைக்காதீங்க. தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு, அப்புறம் அபராதம்.

4. நிர்மால்ய மாலையில் நூல், ஜரிகை, பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டுப் பூவை மட்டும் மக்கவிட்டால் செடிக்கு நல்ல உரம். அபிஷேகப் பாலை நேராகச் செடிக்கு ஊற்றினால் புளித்து நாறும். நிறையத் தண்ணீர் கலந்துதான் விடணும்.

5. உங்கள் பழைய தோட்டத்துக் கோயில் மரம் இன்னும் நிற்கிறதா? வேம்பு என்றால், பழம் உதிரும் காலத்தில் போய்ப் பொறுக்கி, சதையைக் கழுவி உடனே நட்டுவிடுங்கள். வேப்பங்கொட்டை சில வாரங்களிலேயே முளைக்கும் சக்தியை இழந்துவிடும். அடுத்த வருஷம் பார்ப்போம் என்றால், அடுத்த வருஷம் அங்கே மரம் இருக்குமா என்று யாருக்கும் தெரியாது.

6. வீட்டில் தோட்டத்தில் பிறந்த தாத்தா பாட்டி இருந்தால், அந்த மரத்தை யார் நட்டது, அதன் அடியில் எந்தச் சாமி இருந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். கோயில் கணக்கில் அது இருக்காது, அவங்க நினைவில்தான் இருக்கும்.

பட்டா இல்லாதவர்கள் நட்ட மரத்தடியில்தான் நம் அம்மன் இந்த நாட்டில் முதலில் உட்கார்ந்தாள். இன்று நமக்குப் பட்டா இருக்கு. ஒரு கைப்பிடி மண்ணையும் அவளுக்கு விட்டு வைப்போம்.

உங்கள் பழைய கோயில் மரத்தின் படம் இருந்தால் கீழே போடுங்க. வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு உழவாரப் பணி, கையுறை நாங்கள் தருகிறோம்.

திருச்சிற்றம்பலம்.