குளோரோஃபார்ம் தண்ணீர்

தங்கச்சி இப்போது அரசாங்க மருத்துவமனையில் ஒரு வருடப் பயிற்சியில் இருக்கிறாள். அது முடிந்தால்தான் முழு மருந்தாளர். பெரியவர்களின் மாத்திரையைப் பொடித்துக் குழந்தைகளுக்குச் சிரப்பாகக் கலக்குவதும் அவள் வேலையில் ஒன்று. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்: "கலக்கி முடிச்ச பிறகு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்ணே. அதான் பயம். ரன்கார்ன் கேஸ் தேடிப் படிச்சுப் பாரு."

படித்தேன். தூக்கம் போனதுதான் மிச்சம்.

நம் வீடுகளில் கிரைப் வாட்டர் குடிக்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. 1851ல் நாட்டிங்ஹாமில் வில்லியம் வுட்வர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் உருவாக்கியது அது. அந்தக் காலத்தில் மருந்துக்கடைதான் தொழிற்சாலை. இங்கிலாந்தில் குழந்தையின் வயிற்று வலிக்குக் கொடுத்த பெப்பர்மிண்ட் தண்ணீரும் அந்த வகையறாதான். அது கெடாமல் இருக்கக் கொஞ்சம் குளோரோஃபார்ம் தண்ணீர் சேர்ப்பார்கள். ஆமாம், 1847ல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் மயக்க மருந்தாகப் பயன்படுத்திய அதே குளோரோஃபார்ம். அளவு சிறியதாக இருக்கும்வரை சிக்கல் இல்லை.

அந்தத் தண்ணீரில் மூன்று வகை உண்டு. சாதாரணத்தில் 0.25 விழுக்காடு குளோரோஃபார்ம். 'இரட்டை வலு' என்பதில் 0.5. 'செறிவூட்டியது' என்பதில் 10. மருந்தின் பாதி அளவுக்கு இரட்டை வலுவை ஊற்றி மீதியை நிரப்பினால் சரியான 0.25 வந்துவிடும். 1998ல், செஷயர் மாவட்டத்தின் ரன்கார்ன் நகரில், ஒரு மருந்துக்கடையில் பயிற்சியில் இருந்த இளைஞர் இரட்டை வலுவுக்குப் பதிலாகச் செறிவூட்டியதை ஊற்றினார். இருபது மடங்கு. மருந்தைக் குடித்த பச்சைக் குழந்தை பிறகு இறந்துபோனது.

நான் ரசாயனக் கலவைகளோடு வேலை செய்யும் பொறியியலாளன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நானும் ஒரு தொட்டியில் தப்பான செறிவில் அமிலத்தை ஊற்றினேன். ஒரு நிமிடத்துக்குள் மீட்டர் கத்தியது, வால்வு தானாக மூடிக்கொண்டது. மேலாளர் திட்டினார், அவ்வளவுதான். ஒரு தொட்டித் தண்ணீருக்கு இருந்த அந்த மீட்டர் அந்தக் குழந்தைக்கு இல்லை. கலந்து முடித்த போத்தலை எத்தனை பேர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாலும் 0.25ம் 5ம் கண்ணுக்கு ஒன்றுதான். பெயர்களையும் பாருங்கள். 'இரட்டை வலு' என்று கேட்டால் அதுதான் பெரியது என்று தோன்றாதா? எண்ணை எழுதாமல் வார்த்தையில் வலுவைச் சொல்லும் பழக்கம் பழைய மருந்து நூல்களிலிருந்து அப்படியே வந்தது. எங்கள் தொழிற்சாலையில் அப்படி ஒரு லேபிள் ஒட்டினால் தணிக்கையில் தேற மாட்டோம்.

பயிற்சியாளரும் அவரை மேற்பார்வையிட்ட மருந்தாளரும் நீதிமன்றம் ஏறினார்கள். 2000ல் மனிதக்கொலைக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. தவறான மருந்தைக் கொடுத்ததற்கு அபராதம் மட்டும். அந்தப் பெற்றோருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று என்னால் யோசிக்க முடியவில்லை. இருந்தாலும், தப்பைச் சொன்னால் குற்றவாளி ஆகிவிடுவோம் என்ற பயம் இருந்தால் யார் வாய் திறப்பார்கள்? கவனக்குறைவால் நேரும் பிழையைத் தாங்களே ஒத்துக்கொள்ளும் மருந்தாளருக்குச் சட்டப் பாதுகாப்பு அங்கே 2018ல்தான் வந்தது. இதற்கிடையே பல கடைகள் கலக்குவதையே குறைத்துக்கொண்டு, அதற்கென உரிமம் பெற்ற தயாரிப்பாளர்களிடம் வாங்க ஆரம்பித்துவிட்டன.

தங்கச்சியின் வார்டில் கலக்குவது நிற்கவில்லை. கணக்கை அவள் ஒருமுறை எழுதுகிறாள். அவள் தாளைப் பார்க்காமல் இன்னொருவர் முதலிலிருந்து போடுகிறார். சரிபார்த்துக் கையெழுத்துப் போடும்வரை மூலப் போத்தல்களை மேசையிலிருந்து எடுக்கக் கூடாதாம்.

"ராத்திரி ஷிஃப்டுல ஆள் இல்லன்னா என்ன பண்ணுவ?" என்று கேட்டேன்.

"காத்திருப்பேன்ணே. குழந்தை அழும், நர்ஸ் கத்துவாங்க. காத்திருப்பேன்."