விரல் இல்லாமலும் ஆடலாம்

வாசலில் உள்ள அழைப்பு மணியின் பொத்தானை நாம் விரலால் அழுத்துகிறோம். இரு கைகளிலும் சாமான் இருந்தால் முழங்கையால் அழுத்துகிறோம். கை எட்டாத சிறுவன் ஒரு குச்சியால் அழுத்துவான். மூன்று முறையும் மணி ஒன்றுபோலவே ஒலிக்கிறது. பொத்தானுக்குள் இருக்கும் உலோகத் தகடுகள் தொட்டுக்கொண்டால் மின்சுற்று மூடுகிறது, மின்னோட்டம் பாய்கிறது. அழுத்தியது எது என்று மின்சுற்று கேட்பதில்லை. இந்த எளிய உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டு, வீடியோ விளையாட்டின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதியைக் காண்போம்.

எட்டு சைகைகள்

வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் முதல் கருவியான 'ஒடிசி' 1972-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. குமிழ்களைத் திருகி அதில் ஆடினார்கள். 1985-ல் ஜப்பானிய நிறுவனமான நின்டென்டோ தன் கருவியை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. அதன் கைப்பிடியில், இடது கட்டைவிரலுக்கு நான்கு திசைகளுக்கான சிலுவை வடிவப் பொத்தான். வலது கட்டைவிரலுக்கு ஏ, பி என இரண்டு பொத்தான்கள். நடுவில் ஆட்டத்தைத் தொடங்கவும் தேர்ந்தெடுக்கவும் இரண்டு. ஆக மொத்தம் எட்டு சைகைகள்.

இரண்டு கட்டைவிரல்களும் விரைந்து இயங்கும் ஒருவர்தான் ஆடுவார் என்பது இந்த அமைப்பில் சொல்லாமலே அடங்கியிருந்தது. கழுத்தில் தண்டுவடம் அடிபட்டவர், தசைநோய் உள்ளவர், மூளை முடக்குவாதத்தால் விரல்கள் வசப்படாதவர் ஆகியோருக்கு ஆட்டம் புரியும்; எப்போது தாண்ட வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் அதைக் கருவிக்குத் தெரிவிக்க வழியில்லை.

இங்கே இரண்டு வகைக் கடினங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பள்ளத்தை எந்த நொடியில் தாண்டுவது என்று முடிவு செய்வது ஆட்டத்தின் கடினம். அந்த முடிவைப் பொத்தான் வழியே உள்ளே அனுப்புவது கருவியின் கடினம். முதலாவது ஆட்டத்துக்கு உயிர். இரண்டாவது வெறும் தடைச்சுவர்.

மூச்சும் மோவாயும்

இந்தச் சுவரில் ஒரு வாசலை நின்டென்டோ நிறுவனமே 1989-ல் திறந்தது. 'ஹேண்ட்ஸ் ஃப்ரீ' என்ற அந்தக் கருவியை மார்பில் கட்டிக்கொள்ள வேண்டும். அதிலுள்ள கம்பை மோவாயால் தள்ளினால் திசை மாறும். ஏ, பி பொத்தான்களின் வேலையை வாயருகே உள்ள குழாய் செய்யும். இளநீரை உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைவிடக் குறைகிறது, ஊதினால் கூடுகிறது. இவ்விரண்டு மாற்றங்களையும் உணரும் அமைப்பு இருந்தால், ஊதுவது ஒரு பொத்தானாகவும் உறிஞ்சுவது இன்னொன்றாகவும் ஆகிவிடும். ஆட்டத்தில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

ஆனால் இக்கருவி கடைகளில் கிடைக்கவில்லை. நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவிடம் கேட்டுத்தான் பெற வேண்டியிருந்தது. மோவாயும் மூச்சும் வசப்பட்டவர்களுக்கு மட்டுமே அது உதவும் என்ற எல்லையும் இருந்தது.

காதால் ஆடும் ஆட்டம்

பார்வையற்றோருக்குத் தடை கைப்பிடியில் இல்லை, திரையில் இருந்தது. ஜப்பானிய வடிவமைப்பாளர் கெஞ்சி ஈனோ 1997-ல் 'ரியல் சவுண்ட்' என்ற ஆட்டத்தை வெளியிட்டார். அதில் படமே கிடையாது. குரல்களையும் ஒலிகளையும் கேட்டே ஆட வேண்டும். விளக்கக் குறிப்பு பிரெய்ல் எழுத்திலும் தரப்பட்டது.

ஒலி மட்டும் போதுமா என்று கேட்கலாம். நம் இரு காதுகளுக்கும் இடையே ஏறத்தாழ 20 செ.மீ. தூரம். ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். எனவே வலப்பக்கத்தில் எழும் ஒலி, இடது காதை ஏறக்குறைய 0.0006 வினாடி தாமதித்து அடைகிறது. இந்தச் சிறு வேறுபாட்டிலிருந்தே மூளை திசையை அறிந்துகொள்கிறது. ஒலியும் ஒரு வரைபடம்தான்.

காது கேளாதோருக்கோ இதற்கு நேர்மாறான தேவை. 2004-ல் வந்த 'ஹாஃப்-லைஃப் 2' ஆட்டத்தில் பேச்சு மட்டுமன்றிப் பிற ஒலிகளையும் எழுத்தில் காட்டும் வசதி இருந்தது.

பத்தொன்பது துளைகள்

மனிதருக்கு மனிதர் உடல் வேறுபடும்போது எத்தனை கருவிகளைத்தான் செய்வது? 2018-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட 'எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர்' இதற்கு விடை தந்தது. அதன் மேல் இரண்டு பெரிய பொத்தான்கள், பின்புறம் 3.5 மி.மீ. அளவுள்ள 19 துளைகள். காதொலிக் கருவியின் செருகி நுழையும் அதே வகைத் துளைதான். காலால் மிதிப்பதோ, தலையால் தட்டுவதோ, மூச்சால் இயங்குவதோ, தமக்கு ஏற்ற ஒரு சுவிட்சை அவரவர் செருகிக்கொள்ளலாம். நம் அழைப்பு மணியின் தத்துவமே இங்கும் வேலை செய்கிறது. அது வந்த அட்டைப் பெட்டியிலும் இழுத்துத் திறக்க வளையங்கள் வைத்திருந்தார்கள். வெளிவந்தபோது கருவியின் விலை 99.99 டாலராக இருந்தது, வெளியே செருகும் சுவிட்சுகளின் செலவு தனி. இன்றும் அதுவே பலருக்குப் பெரும் சுமை.

அடுத்த படி, ஆட்டத்துக்குள்ளேயே மாற்றம் செய்வது. 2020-ல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பகுதி 2' ஆட்டத்தில் இத்தகைய அமைப்புகள் 60-க்கு மேல் இருந்தன. பின்னணியைச் சாம்பல் நிறமாக்கி எதிரிகளை மட்டும் சிவப்பாகக் காட்டலாம். செல்லும் வழியை ஒலியால் அறியலாம். எந்தப் பொத்தான் எந்த வேலை செய்ய வேண்டும் என்பதையும் மாற்றலாம். பார்வையற்றோர் பலர் அதை முழுவதும் ஆடி முடித்தார்கள். சூழ்ச்சியும் அச்சமும் நிறைந்த ஆட்டம் அதனால் எளிதாகிவிடவில்லை, தடைச்சுவர்தான் விலகியது.

நிரலில் எந்தப் பொத்தானுக்கு எந்த வேலை என்பது ஒரு சிறிய அட்டவணை மட்டுமே. தொடக்கத்திலேயே அதை மாற்றத்தக்கதாக எழுதினால் உழைப்பு சொற்பம். கட்டி முடித்த கட்டடத்தில் படியை இடித்துச் சாய்தளம் அமைப்பதுதான் கடினம்.

நண்பர்கள் ஒன்றுகூடும் திண்ணையாக இன்று வீடியோ விளையாட்டு ஆகியிருக்கிறது. அங்கே ஒரு சிறுவனுக்கு இடமில்லை என்றால் அவன் இழப்பது ஆட்டத்தை மட்டுமல்ல. மாணவ நண்பர்களே, நாளை உங்களில் ஒருவர் ஓர் ஆட்டத்தை எழுதலாம். ஒரு கருவியை வடிவமைக்கலாம். அப்போது முதல் பொத்தானை வரையும் முன், விரலின்றி இதை எப்படி இயக்குவது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.