எய்ட்ஸ் நிதி வந்த வழி: தமிழ்நாட்டின் அனுபவம்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று இருப்பது 1986இல் சென்னையில் தெரியவந்தது. சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் அவருடைய மாணவி நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டபோது அது உறுதியாயிற்று. எனினும், நோய்த் தடுப்புக்கான பெருநிதி 1992இல்தான் வந்தது. உலக வங்கி அளித்த 8.4 கோடி டாலரைக் கொண்டு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் முதற்கட்டம் தொடங்கியது; அதை நடத்த நாக்கோ எனப்படும் தேசிய அமைப்பும் உருவாக்கப்பட்டது. வெளிநாட்டு உதவி என்றே அத்தொகை பேசப்பட்டாலும், அது உலக வங்கியின் கிளையான பன்னாட்டு வளர்ச்சிச் சங்கம் ஏழை நாடுகளுக்கு எளிய நிபந்தனைகளோடு நீண்ட தவணையில் தரும் கடனே ஆகும். ஆகவே, அதன் சுமையை இறுதியில் ஏற்றவர்கள் இந்திய மக்கள்தாம் என்பதை மறந்து இவ்வரலாற்றை எழுதுவது நியாயமன்று.

பணம் வந்தபோதிலும் அது உரிய காலத்தில் செலவாகவில்லை. மைய அரசு அனுப்பிய தொகை மாநிலக் கருவூலத்தைச் சேர்ந்ததும், ஒவ்வொரு செலவுக்கும் சுகாதாரத் துறையிலிருந்து நிதித் துறைக்குக் கோப்பு சென்று, ஒப்புதல் பெற்று, அரசாணையாகித் திரும்ப வேண்டியிருந்தது. அதற்குள் மார்ச் 31 வந்து நிதியாண்டே முடிந்துவிடும். இந்த முடிச்சை அவிழ்க்கத் தமிழ்நாடு 1994இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தைத் தோற்றுவித்தது. அரசு அதிகாரிகளே பொறுப்பில் இருந்தாலும், சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ்த் தனி அமைப்பாகப் பதிவு பெற்று, தனக்கென வங்கிக் கணக்கு வைத்து, தொண்டு நிறுவனங்களுக்கு நேரடியாக நிதி வழங்கும் அதிகாரம் அதற்கு இருந்தது. 1999இல் 19.1 கோடி டாலர் கடனுடன் இரண்டாம் கட்டம் தொடங்கியபோது இவ்வமைப்பே பிற மாநிலங்களுக்கும் முன்மாதிரியாயிற்று. தமிழ்நாட்டின் எய்ட்ஸ் தடுப்பு வரலாற்றில், வந்த டாலர்களின் எண்ணிக்கையைவிட இந்த நிர்வாக ஏற்பாடே முதன்மையானது எனலாம்.

அரசைச் சாராத வழியிலும் நிதி வந்தது. அமெரிக்க அரசின் பன்னாட்டு வளர்ச்சி முகமை அளித்த மானியத்தில், சென்னையின் தன்னார்வ சுகாதார சேவை மருத்துவமனை 1995இல் ‘அபாக்’ திட்டத்தைத் தொடங்கியது. லாரி ஓட்டுநர்கள் தங்கிச் செல்லும் நெடுஞ்சாலை நிறுத்தங்களிலும் பாலியல் தொழிலாளர்களிடையேயும் ஆணுறைப் பயன்பாட்டைப் பரப்பிய தொண்டு நிறுவனங்கள் இதன் துணையுடன் இயங்கின. மக்களின் பாலியல் நடத்தை எவ்வாறு மாறுகிறது என்பதைக் கணிக்கும் ஆய்வுகளும் நடத்தப்பட்டன. 2003இல் பில் கேட்ஸ் அறக்கட்டளையின் ‘அவஹான்’ திட்டம் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் இதே களத்தில் இறங்கியது. பாலியல் தொழிலாளர்களும் திருநங்கையரும் தம்மைப் போன்றோரிடம் தாமே சென்று பேசும் களப்பணியாளர்களாயினர் என்பது இந்நிதியால் விளைந்த பெரும் நன்மை. அதனால் அம்மக்களிடையே பிறந்த நம்பிக்கையை எந்த அரசு அலுவலகமும் தானாக ஈட்டியிருக்க இயலாது.

தடுப்புக்குத் தாராளமாக வந்த பணம், ஏற்கெனவே நோயுற்றவர்களுக்கு நெடுங்காலம் எட்டவில்லை. கூட்டு மருந்துகள் உயிர்காக்கும் என்பது 1996லேயே நிறுவப்பட்டிருந்தும், தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை உட்படச் சில அரசு மருத்துவமனைகளில் அவற்றை இலவசமாக வழங்கும் திட்டம் 2004 ஏப்ரலில்தான் தொடங்கியது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளின் இழப்பை எந்தத் திட்ட வெற்றியும் ஈடுசெய்யாது. எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஆகியவற்றுக்காக 2002இல் அமைந்த உலக நிதியத்தின் பணம் பின்னர் இச்சிகிச்சை விரிவடையத் துணைநின்றது.

கொடையாளர்கள் மெல்ல விலகத் தொடங்கியதும் அவஹானின் பணிகள் படிப்படியாக அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. 2014இல் மைய அரசு, சங்கங்களுக்கு நேரடியாக அனுப்பிவந்த நிதியை மீண்டும் மாநிலக் கருவூலங்கள் வழியாகவே அனுப்ப முடிவு செய்தது. அதன் விளைவாகப் பல மாநிலங்களில் தொண்டு நிறுவனங்களுக்கான தொகை தாமதமாகி, குறைந்த ஊதியத்தில் உழைத்த களப்பணியாளர்கள் மாதக்கணக்கில் அந்த ஊதியமும் இன்றித் தவித்தனர். 2021இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்துக்கு ரூ.15,471.94 கோடி ஒதுக்கப்பட்டு, அது முழுவதும் மைய அரசின் திட்டமாகவே வகுக்கப்பட்டது.